கை பார்த்தாச்சு

போர் விமானத்தில் குண்டு ஏற்றும் தணிகைவேலின் கைகளுக்கு, விபத்தைத் தடுக்கவென்று விமானப்படையில் புதுச் செயற்கைத் தோல் போட்டு ஏழு மாதம் ஆகிறது. விரலைச் சுற்றி எது மூடினாலும் அந்தத் தோல் கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துவிடும். கூட வேலை செய்யும் ஜெபசீலி கை இருக்கும் இடத்தை உற்றுப் பார்த்து, "கை பார்த்தாச்சு" என்று சொன்னால்தான் அடங்கும். இந்தத் தோல் வந்தப்புறம் தளத்தில் ஒருவர் விரலும் நசுங்கவில்லை.

விடுப்பில் வந்தவன், பிறந்து பதினோரு நாளான மகளிடம் விரலை நீட்டினான். பிஞ்சுக் கை மூடியதுமே விரல் பறந்து வந்துவிட்டது. குழந்தை வீறிட்டது. மூன்று தரமும் அப்படியே.

"பெத்த பிள்ளையைத் தொட இம்புட்டு பயமா?" என்றாள் மனைவி மேகலா. அவன் தோலைப் பற்றி விளக்கியதும், அவளும் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். தோல் அவள் குரலை மதிக்கவில்லை.

தயங்கித் தயங்கி ஜெபசீலியை வீடியோவில் அழைத்தான்.

"லீவுல என்னத்தடா மாட்டுற?"

"ஒண்ணும் மாட்டலக்கா. பாப்பா என் விரலைப் பிடிக்கணும்."

ஜெபசீலி சிரிக்கவில்லை. பழைய விபத்தில் இரண்டு விரல் போன கையால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"முதல்ல மோதிரத்தைக் கழட்டு," என்றாள், குண்டு ஏற்றும் முன் சொல்வது போலவே.

கழற்றினான். அவள் அந்தக் குட்டி முஷ்டியை நிதானமாகப் பார்த்தாள்.

"கை பார்த்தாச்சு."

பாப்பா பிடித்தாள். விரல் அங்கேயே இருந்தது.

"போனை வச்சிராதடா," என்றாள் ஜெபசீலி. "அவளா விடுற வரைக்கும் இருக்கேன்."