கண்ணாடிப் பெட்டிக்குள் நால்வர்

ராணுவ பேண்டில் ஒரு காலத்தில் ஒன்றாக வாசித்த நான்கு கிளாரினெட்டுகள் கண்காட்சி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார்கள். மூவர் சின்னத் தம்பிகள். அண்ணன் நெட்டையன், அடித்தொண்டைக்காரன். பழம்பெருமை பேசாவிட்டால் தம்பிகளுக்குப் பொழுது போகாது.

"காலையில அணிவகுப்பு, சாயங்காலம் ஆபீசர் மெஸ்ஸில சினிமாப் பாட்டு. நாம வாசிக்காதது எது?" என்றான் ஒருவன்.

"கல்யாணத்துல ஆட வெச்சதும் நாமதான், சுபேதாரை அடக்கம் பண்ணினப்போ அழ வெச்சதும் நாமதான்" என்றான் அடுத்தவன்.

"அண்ணனுக்கு மட்டும் எல்லாத்துக்கும் ஒரே பூம், பூம்தான்" என்று மூன்றாமவன் சிரித்தான்.

ஒரு மெட்டுகூடத் தன் பங்குக்கு வராத குறை அண்ணனுக்கு வாசித்த காலத்திலிருந்தே உண்டு.

அப்போது வயதான சிப்பாய் ஒருவர் கைத்தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து வந்து பெட்டிமுன் நின்றார்.

"பாரேன், நம்ம பாட்டைத்தான் முணுமுணுக்கப் போறார்" என்று தம்பிகள் காத்திருந்தார்கள். அவர் உதடு அசையவில்லை. இடது கால் மட்டும் மெல்லத் தரையைத் தட்டியது. பூம், பூம்.

தம்பிகள் மூவரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

அவர் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். இடது, வலது, இடது, வலது என்று, அவர் வாசலைத் தாண்டும்வரை, அண்ணன் மூச்சே இல்லாமல் உள்ளுக்குள் வாசித்துக்கொண்டிருந்தான்.