ஓங்கிய கை

"கட்!"

ஷாட் மறுபடியும் கெட்டது. மானிட்டருக்குப் பக்கத்தில் டெனிஸ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அட்லாண்டா ஸ்டுடியோவுக்குள் பள்ளிக்கூட கேன்டீன் மாதிரி ஒரு செட். சமையல்காரராக நடிப்பவர் லமார். ரெஸ்லிங் மேடையில் 'புல்டோசர்' என்ற பெயரில் வில்லனாக ஊரையே நடுங்க வைத்தவர், இப்போது குடும்பத்தோடு பார்க்கிற சிரிப்புப் படத்தில் கதாநாயகன். அவரிடம் வம்பு பண்ணும் வாண்டு வேடம் டெனிஸின் மகள் மார்லிக்கு. ஏழு வயது.

காட்சி ஒன்றும் பிரமாதமில்லை. மார்லி மக்ரோனித் தட்டை அவர் காலில் கவிழ்ப்பாள். அவர் உறுமிக்கொண்டு வலது கையை ஓங்குவார். அவள் அசையாமல் நின்று நாக்கைத் துருத்த வேண்டும். அவர் அசடு வழிந்து, ஓங்கிய கையால் தன் தலையையே சொறிந்துகொள்வார். தியேட்டர் சிரிக்கும்.

ஆனால் கை மேலே போனதுமே மார்லி கண்ணை இறுக மூடி, கன்னத்தைப் பொத்திக்கொண்டு குறுகிப் போனாள். ஒவ்வொரு தடவையும்.

"எதுக்குடா செல்லம் பயப்படறே? சும்மா தமாஷ்தானே?" என்றாள் இயக்குநர் கோரா.

"தெரியும். நான் பயப்படலே. கண்ணு தானா மூடிக்குது."

கோரா பெருமூச்சு விட்டு, உதவியாளர் பக்கம் திரும்பினாள். "ஆடிஷன்ல ரெண்டாவதா வந்துச்சே ஒரு பொண்ணு, அதோட அம்மாவுக்கு ஒரு போன் போட்டு வை. எதுக்கும் இருக்கட்டும்."

டெனிஸின் காதில் அது நன்றாகவே விழுந்தது. வேலையை விட்டு, ஊரை விட்டு, ஆடிஷன் ஆடிஷனாக அலைந்து கிடைத்த வேடம். விடுவாளா?

"கோரா, பொண்ணு மேல தப்பே இல்லே. அந்த ஆளைப் பாருங்க! நாற்காலியைத் தூக்கி மண்டையில அடிச்சே பேர் வாங்கின ஆளு. அவரைக் கொண்டு வந்து குழந்தை முன்னாடி நிறுத்தினா அது என்னதான் பண்ணும்?"

"அவரைப் பார்த்தா பயம்? கொஞ்சம் முன்னாடி அவர் தோள்ல ஏறி உக்காந்து டோனட் தின்னது யாரு?"

டெனிஸ் லமார் இருந்த பக்கம் பார்த்தாள். மார்லி அவர் கையைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள்.

"டோசர், உங்க கை பீட்சா தட்டு சைஸுக்கு இருக்கு!"

"பசிச்சா கடிச்சுடாதே தாயே. வேற கை இல்லே எனக்கு."

இரண்டும் கெக்கெக்கே என்று சிரித்தன. பெற்றவளுக்கு எரிச்சலாக வந்தது. அங்கே தலைபோகிற விஷயம் நடக்கிறது, இங்கே ஊஞ்சல்!

விறுவிறுவென்று போய் மகளின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். "இந்தத் தடவை ஒழுங்கா செய். என் மானத்தை வாங்காதே."

மார்லியின் சிரிப்பு நின்றது.

"ஆக்‌ஷன்!"

தட்டு கவிழ்ந்தது. லமார் உறுமினார். கை பாதிதான் எழும்பியது, அதற்குள் மார்லி பழையபடி சுருண்டாள். அவர் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை மெல்லக் கீழே இறக்கினார்.

"மன்னிக்கணும் கோரா. இந்தப் பாப்பா முன்னாடி இனிமே நான் கை ஓங்க மாட்டேன்."

டெனிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரே பாய்ச்சலில் அவர் எதிரில் போய் நின்றாள்.

"என்ன, சின்னப் பொண்ணு நல்ல பேர் வாங்கிடும்னு பொறாமையா? அவளை விரட்டிட்டு வேற ஆளைப் போடப் பார்க்கறீங்களா?"

லமார் கோராவின் பக்கம் திரும்பினார்.

"பாப்பாவை மாத்த வேணாம், காட்சியை மாத்துங்க. தட்டு கவிழ்ந்ததும் நான் மக்ரோனியில வழுக்கி மல்லாக்க விழறேன். விழறதுதான் நமக்குக் கைவந்த கலையாச்சே."

கோரா மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "அட, இது இன்னும் நல்லா இருக்கே! மார்லிதான் பண்றா. போன் எல்லாம் வேணாம். கேமராவைத் தள்ளுங்கப்பா!"

வேடம் தப்பித்தது. டெனிஸ் அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஆத்திரம் யாரை விட்டது? அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள்.

"அப்போ ஒத்துக்கறீங்க! என் பொண்ணு மிரண்டது உங்களைப் பார்த்துத்தான்!"

லமார் குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"மேடம், அடிக்கிறதும் அடி வாங்கறதும்தான் இத்தனை வருஷமா என் பொழப்பு. எந்தக் கை வந்தா எந்தக் கன்னத்தை மறைக்கணும்னு யோசிக்கவே வேணாம், உடம்பே பழகிக்கும். நான் ஓங்கினது வலது கை. அது இறங்கினா பாப்பாவோட இடது கன்னத்துலதான் இறங்கும்."

"அதுக்கு?"

"ஒவ்வொரு தடவையும் அவ பொத்திக்கிட்டது வலது கன்னத்தை. இடது கையால அடிக்கிறவங்ககிட்ட வாங்கிப் பழகின குழந்தைதான் அப்படிப் பொத்தும்."



அவர் முகத்துக்கு நேரே இன்னும் நீண்டிருந்த தன் விரலை டெனிஸ் அப்போதுதான் பார்த்தாள். இடது கை விரல்.