ஆறு மாதமாகப் பச்சை

அந்த நகராட்சி வார்டில் பெண்கள் எல்லோர் கையிலும் பயத்தை அளக்கும் பட்டை இருந்தது. பயந்தால் சிவப்பு எரியும், இல்லையென்றால் பச்சை. மகளிர் பாதுகாப்புத் திட்டத்திலிருந்து ஆள் வரும். ஆறு மாதமாக யார் கையிலும் சிவப்பு எரியவில்லை. வார்டுக்கு விருது கொடுக்கலாமா என்று பார்த்து எழுத வந்திருந்தாள், அந்தத் திட்டத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தா.

பூங்கோதையின் வீட்டில் அவள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, கொல்லைப்புறத்தில் இருந்த கணவன் துரைப்பாண்டி குடத்தை எட்டி உதைத்தான். ஜெசிந்தாவே திடுக்கிட்டாள். பூங்கோதையின் பட்டை பச்சையாகவே இருந்தது. உதடுகள் மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தன.

“எப்படிம்மா?” என்று ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள்.

“பழகிட்டேன்க்கா. சிவப்பு எரிஞ்சா நீங்க வந்துட்டுப் போயிருவீங்க. அவரு இங்கதான இருப்பாரு.”

ஜெசிந்தா எழுதுவதை நிறுத்தினாள். துரைப்பாண்டி உள்ளே வந்ததும், “பட்டை கெட்டுப்போச்சு. இவங்களை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

“பட்டையை மட்டும் கழட்டிட்டுப் போங்க.”

“கையோடதான் சோதிக்கணும் சார். இல்லன்னா பெரிய ஆபீசர் இங்கயே வந்துருவாரு.”

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வழிவிட்டான்.

ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டியதும் பூங்கோதை அவள் தோளை இறுகப் பிடித்தாள்.

“அக்கா, பாப்பாவுக்கு ஸ்கூல் விடுற நேரம். அவருதான் கூப்பிடப் போவாரு.”

ஜெசிந்தா வண்டியைத் திருப்பினாள். பள்ளிக்கு அந்த வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். கதவு திறந்து கிடந்தது. வாசலில் அவன் பைக் இல்லை.