பாலாடைப் பரீட்சை

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய கைகளை நீட்டி, இருபத்திரண்டு நாள் குழந்தையை வாங்கிக்கொண்டான் ஜெயகணேஷ். குழந்தை அவன் முகத்தை ஒரு கணம் உற்று நோக்கியது. பிறகு, மும்பையின் செம்பூர் முழுவதும் கேட்கும்படி வீறிட்டது.

"தல, தல! தலையைத் தாங்கு தம்பி!" என்று பதறினாள் சீனியம்மாள்.

"தாங்கிட்டேன் அத்தே!"

உமாமகேஸ்வரியை நவி மும்பை நேருளில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டுமானால், அவளுடைய தாயாகிய இந்தச் சீனியம்மாளிடம் அவன் இன்று தேறியாக வேண்டும். தவறினால் தனியாகத் திரும்ப வேண்டியதுதான். அதற்காகவே, வரும் வழியெல்லாம் ரயிலில் ஒரு துண்டைச் சுருட்டித் தோளில் சாய்த்துத் தட்டிப் பழகியிருந்தான். எதிர் இருக்கைக்காரர், பிள்ளை தூங்கிவிட்டதா என்று கிசுகிசுப்பாக விசாரித்ததைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை.

"ஏளா, எதுக்கு அந்தப் பையனைப் போட்டு இந்தப் பாடு படுத்துத?" என்றார், நாளிதழுக்குப் பின்னாலிருந்து சீனியம்மாளின் கணவர் வேலுச்சாமி.

"நீங்க பேசாதீய! நான் ரெண்டு பெத்தேன். ஒரு நாளாவது ஒரு மூத்திரத் துணி மாத்தியிருப்பீயளா? எம் பொண்ணுக்கும் அந்தக் கதிதான் வரணுமாக்கும்?"

நாளிதழ் இன்னும் சற்று மேலே உயர்ந்தது.

டயபர் வாங்கிவரச் சென்றிருந்த உமாமகேஸ்வரி, மூன்று மாடிகளையும் இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறி உள்ளே வந்தாள்.

"பாஸா, ஃபெயிலா?"

"பாதிப் பேப்பர்தான் முடிஞ்சிருக்கு" என்றான் அவன்.

எடுத்து வைத்திருந்த தாய்ப்பாலைப் பாலாடையில் ஊற்றி, குழந்தையின் கடைவாயோரம் வைத்தான். ஒரு மிடறு உள்ளே இறங்கும் வரை காத்திருந்து, அடுத்ததைச் சாய்த்தான். அழுகை நின்றது. பாலாடையும் காலியாயிற்று.

"இனிமேத்தான் இருக்கு. ஏப்பம் வரணும்" என்றாள் சீனியம்மாள்.

தோளில் சாய்த்துத் தட்டினான். வரவில்லை. முதுகைத் தடவினான். அப்போதும் வரவில்லை.

"ஏல ராசா, எங்க மானத்தைக் காப்பாத்துல!" என்று உமாமகேஸ்வரி குழந்தையிடம் கெஞ்சினாள். வேலுச்சாமி நாளிதழை மடித்தே வைத்துவிட்டார்.

"ஏவ்!"

கல்யாண விருந்து உண்டவர் விடுவது போன்ற கம்பீரமான ஏப்பம். அதைத் தொடர்ந்து, இஸ்திரி போட்ட அவனது சட்டையின் முதுகுப் பக்கம் பாலும், முன்பக்கம் வெதுவெதுப்பான வேறொன்றும் வழிந்தன.

"அத்தே, வந்துருச்சு! எல்லாமே வந்துருச்சு!" என்று வெற்றி வீரனைப் போலக் கூவினான் ஜெயகணேஷ்.

சீனியம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு உள்ளறையை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி பெரியவளே, எந்திரிச்சு வந்து உம் பிள்ளைய வாங்கிக்கோ! உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை கெடைச்சாச்சு!"