சாயாதீங்க மாமா!

"மாமா, எங்க வேணும்னாலும் உக்காருங்க. சுவர்ல மட்டும் சாஞ்சிடாதீங்க."

மருமகள் காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கண்காட்சி அரங்கில் அவள் போட்டிருந்த ஸ்டால் முழுக்க அட்டை. சுவர், மேஜை, உட்காரும் முக்காலி எல்லாமே கெட்டி அட்டைதான். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒன்றில் ஒன்றைச் செருகி நிறுத்துவது. முடிந்ததும் மடித்து எடுத்துப் போய் அடுத்த கண்காட்சியில் விரிக்கலாம். மற்ற ஸ்டால்கள் மாதிரி உடைத்துக் குப்பை வண்டியில் ஏற்ற வேண்டாம்.

"மூலையில ஒரு துண்டு டேப் ஒட்டினா என்னம்மா குறைஞ்சுடும்?" என்றார் மாமனார். வருஷக்கணக்காக லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கயிறும் டேப்பும் இருந்தால் உலகத்தையே ஓட்டிவிடலாம் என்று நம்புகிறவர்.

"ஒரு துண்டுகூட ஆகாது மாமா. டேப் பிளாஸ்டிக். அதை ஒட்டிட்டு ஊருக்கு நான் என்னன்னு உபதேசம் பண்றது?"

"சரிங்க முதலாளி."

இப்படி அட்டை ஸ்டால் போட்டுக் கொடுப்பதுதான், இருந்த வேலையை விட்டுவிட்டு அவள் ஆரம்பித்த தொழில். ஒரு பெரிய கம்பெனியின் மேலாளர் அம்மா இன்று பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் அந்தக் கம்பெனியின் ஸ்டால் எல்லாம் இவளுக்கு. பிடிக்காவிட்டால் பழைய ஆபீஸ் வாசலில் போய் மறுபடி நிற்க வேண்டியதுதான்.

போன் அடித்தது. வந்துவிட்டாராம்! தோளில் கிடந்த கனத்த பையைப் பின்சுவரில் படம் தொங்கிய கொக்கியிலேயே மாட்டிவிட்டு ஓடினாள்.

அழைத்துக்கொண்டு திரும்பினால், மாமனார் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதே சுவரில் ஜம்மென்று முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய பை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவருக்கு மரியாதையாக எழுந்திருக்கக்கூட இல்லை மனிதர்.

"வாங்கம்மா" என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மேலாளர் அம்மா அவர் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அந்தப் படத்தைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"மாமா..." மருமகள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"படம் எதுக்கும்மா? எங்க மருமக வாயால கேளுங்க. படத்தைவிட நல்லா இருக்கும்."

அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவளே சொல்ல ஆரம்பித்தாள். முதலில் திக்கியது. பிறகு, ஒரு கண்காட்சி முடிந்த மறுநாள் மலையாகக் குவிந்த குப்பையைப் பார்த்துத் தூக்கம் போனதைச் சொன்னாள். மேலாளர் அம்மா மேஜையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

நடுவில் கணவன் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தான். "அப்பா, வாங்க, சாப்பிட்டு வந்துடலாம்."

"பசிக்கலடா."

சாப்பாடு என்றால் செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடி வருகிறவர்! நெற்றியெல்லாம் வியர்வை வேறு. சாய்ந்து உட்கார்ந்திருப்பதற்கு இத்தனை வியர்வையா என்று அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒருவழியாக மேலாளர் அம்மா கைகுலுக்கினார். "அடுத்த கண்காட்சியிலேருந்து எங்க ஸ்டால் எல்லாம் நீங்களே பண்ணுங்க."

அவர் தலை மறைந்ததும் அவள் திரும்பினாள்.

"ஏன் மாமா, சாயாதீங்கன்னு ஒண்ணே ஒண்ணுதானே சொன்னேன்? அவங்க என்ன நினைச்சிருப்பாங்க? ஒரு நிமிஷம் எழுந்திருக்க முடியலையா உங்களால?"

"முடியாதும்மா" என்றார் அவர். மகனைப் பார்த்து, "டேய், இந்தப் பக்கம் வந்து கையைக் குடு. என்னைப் பிடிக்காதே, சுவரைப் பிடி" என்றார்.

அவர் முதுகை எடுத்ததும் பின்சுவர் முன்னால் சரிந்தது. கணவன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான்.

மருமகள் ஓடிப் போய்ப் பார்த்தாள். கொக்கி இருந்த இடத்திலிருந்து கீழே அட்டையைச் செருகியிருந்த பிளவு வரை சுவர் கிழிந்து கிடந்தது. அவள் பையை மாட்டிவிட்டுப் போன அதே கொக்கி.

இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொன்னா நீ அந்தம்மா முகத்தைப் பாத்தா பேசியிருப்ப? சுவரைப் பாத்துட்டே பேசியிருப்ப."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தவர், பையை அவளிடம் நீட்டினார்.

"பக்கத்து ஸ்டால்காரர் பாவம், டேப்போட ஓடி வந்தார். நான்தான் வேணாம்னுட்டேன். எங்க முதலாளி ஒரு துண்டுகூட ஒட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களே!"