செத்த காளானுக்குக் கேசரி

எண்ணெய்க் குழாய் வெடித்துக் கறுத்துப்போன தன் வயலில், காளான்கள் ஒன்றுவிடாமல் செத்துக் கிடந்ததைப் பார்த்த செங்கமலம், நேரே வீட்டுக்குப் போய்க் கேசரி கிளறினாள்.

குழாய் போகும் ஊர்களில் எல்லோரும், மண்ணில் கசிந்த எண்ணெயைத் தின்று தீர்க்கும் காளான் வளர்த்தார்கள். ஆனால் இவளுடைய காளான் தின்ற அளவுக்கு வேறு யாருடையதும் தின்றதில்லை. வைக்கோல் போர்த்தி, வேளை தவறாமல் தண்ணீர் தெளித்து வளர்த்தாள். தனக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது என்று அவள் கணவன் வீரையன் குறைபட்டுக்கொள்வான். இன்று அவன்தான் பதறினான்.

“அத்தனையும் செத்துக் கெடக்கு. நீ என்னடான்னா இனிப்பு கிண்டுற?”

“பட்டினியில செத்திருக்குங்க. திங்க ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமில்ல. போய் மண்ணை மோந்து பாருங்க.”

வீரையன் போனான். ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்தவன், கீழே போட மனமில்லாமல் நின்றான். விரலிடுக்கில் ஒரு மண்புழு நெளிந்தது.

அதற்குள் அடுத்த வயல்காரி கஸ்தூரி விதை கேட்டு வந்துவிட்டாள். தொட்டியில் தனியாக எண்ணெய் ஊற்றிக் காப்பாற்றி வைத்திருந்த காளானில் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தாள் செங்கமலம்.

“உன் வயல்ல இது சாகுற அன்னிக்கு எனக்குக் கேசரி வந்துடணும். முந்திரி குறையக் கூடாது, சொல்லிட்டேன்!”