ஒற்றைச் சோழி

"இந்தப் பொம்பளைக்கு வெக்கம் மானமே கெடையாதா?"

ஊரே இப்படித்தான் பேசியது. மெட்டில்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை. செருப்புத் தேய வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் அந்த மீனவ ஊரில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓட்டெடுப்பு. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து குடும்பம் நடத்தினால் அவர்கள் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது, மீறிச் சேர்க்கிற வீட்டுக்கு ஊர்விலக்கம் என்று ஊர்க் கமிட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தது.

பொதுவாகச் சொன்னார்களே தவிர, குறி மெட்டில்டா வீட்டுக்குத்தான். அவள் மகள் ஜெனோபா, சென்னையில் இசக்கிசெல்வி என்ற பெண்ணோடு மாலை மாற்றிக்கொண்டு வாழ்கிறாள். கிறிஸ்மசுக்கு ரெண்டு பேரும் வாரோம் என்று அவள் போனில் சொன்னது எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அவ்வளவுதான், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கமிட்டிக்கு ஒழுக்கம் பொங்கிவிட்டது.

அந்த ஊரில் தலைக்கட்டுக்கு ஓர் ஓட்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பெண்களுக்கு ஓட்டே கிடையாது. அதனால்தான் பெற்றவள் ஊர் ஆண்களிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஓட்டுப் போடுவதும் பழைய முறைதான். திரைக்குப் பின்னால் இரண்டு பானைகள் இருக்கும். கையில் கொடுக்கிற சோழியைச் சிவப்புத் துணி கட்டிய பானையில் போட்டால் தீர்மானத்துக்குச் சம்மதம், வெள்ளைத் துணிப் பானையில் போட்டால் எதிர்ப்பு. யார் எதில் போட்டார் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

"கவலப்படாதிய மைனி. என் சோழி வெள்ளப் பானைக்குத்தான்" என்றான் விசைப்படகு ஓட்டும் ஜெபின்.

"ஏசப்பா யாரையாவது வெரட்டச் சொன்னாராம்மா? நான் ஒங்க பக்கம்" என்றார் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். இன்னும் பலரும் இப்படியே தலையாட்டினார்கள்.

மீன் ஏலம் கூறும் பர்னபாஸ் மட்டும் முகத்தில் அடித்ததுபோலப் பேசினார். "மகள ஒழுங்கா வளக்கத் தெரியல, ஓட்டுக் கேக்க மட்டும் தெரியுதோ?" என்று, அவள் அழுவதைப் பார்த்தும் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒவ்வொரு நாளும் களைத்துப்போய் வீட்டுக்கு வரும்போது புருஷன் ரோச்தான் தெம்பு சொல்வான். "என் மவ இந்த வீட்டுக்கு வரணும். அதுல வேற பேச்சே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எண்ணுவதற்காக வெள்ளைத் துணிப் பானையைக் கவிழ்த்தார்கள்.

ஒரே ஒரு சோழி விழுந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பெண்கள் பக்கம் நின்ற மெட்டில்டாவுக்குப் புரிந்துபோனது. தலையாட்டிய அத்தனை பேரும் ஏமாற்றியிருக்கிறார்கள். நல்லவேளை, அந்த ஒற்றைச் சோழி யாருடையது என்று அவள் விசாரிக்க வேண்டியதில்லை. பெற்ற தகப்பன் இருக்கிறானே.

சாயங்காலம் ஜெபின் வந்து நின்றான். "மைனி, அந்த ஒண்ணு என்னோடது. மத்தவனுவதான் கழுத்தறுத்துட்டானுவ."

"சரிப்பா, நீ கெளம்பு" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமலே.

அவன் போன சூட்டோடு உபதேசியார் வந்தார். "நான் வாக்கு மாறலம்மா. அந்தச் சோழி நான் போட்டது."

"கோயில்ல நின்னும் இப்பிடித்தான் வாய் கூசாமப் பேசுவியளா?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தவர் பர்னபாஸ். வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"அன்னைக்கு வாய் நீண்டுட்டு. மனசுல வச்சிக்காதம்மா. திரைக்குள்ள போனதும் நீ அழுத மொகந்தான் வந்துச்சி. வெள்ளப் பானையிலதான் போட்டேன்."

அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் மெட்டில்டாவுக்குப் பீறிட்டு வந்தது.

"நீங்களுமா அண்ணாச்சி? என் புள்ளையப் பெத்த வீட்டுக்கே வர விடாமப் பண்ணிட்டு, எழவு கேக்க வார மாதிரி ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து பொய் சொல்லுதிய. இனி எவனாவது இந்தப் படிய மிதிச்சா வாரியல் பிஞ்சிரும்."

பர்னபாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

கதவைச் சாத்திவிட்டு ரோச்சுக்குச் சோறு போட்டாள். மனம் ஆறவில்லை.

"மூணு பேருக்கும் எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தியளா? நீங்க போட்ட ஒத்தச் சோழியக்கூட ஆளுக்கு ஆள் பங்கு போட வாரானுவ."

ரோச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை.

"என்னங்க?"

"வெள்ளப் பானையிலதான் போடணும்னு போனேன், மெட்டில்டா. அதுக ரெண்டும் கையக் கோத்துக்கிட்டு வந்து எறங்குனா, கடக்கரையில ஒவ்வொருத்தனும் என்னயப் பாத்து என்ன சொல்லுவான்னு ஒரு நெனப்பு வந்துச்சி." அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "செவப்புலயே போட்டுட்டேன்."

மெட்டில்டா கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினாள். விரட்டியடித்த மூன்று பேரில் எவர் காலில் போய் விழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.